நாய்முதுகு மலைக்குப் பித்தம் பார்த்தவர்

மலியாங் ஊரில் கிவாஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்பார்கள். கிவாஸ் சொன்னார் என்றால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. கிவாஸுக்கும் தோன்றியதில்லை, ஏனென்றால் சிரிப்பு விஷயம் அவருக்குத் தெரியாது.

அவர் தொழில் பித்தம் பார்ப்பது. பத்தொன்பது வயதில் அப்பாவிடமிருந்து வந்தது. வீடு கட்டுவதா, பெண் கொடுப்பதா, சமவெளிக்கு இறங்கி உப்பு வாங்கி வருவதா, எதற்கும் முதலில் ஒரு கறுப்புப் பன்றியை அறுக்க வேண்டும். கிவாஸ் ஈரலைப் புரட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையைப் பார்த்துச் சொல்லுவார். கொழுத்துப் பளபளவென்று இருந்தால் நல்லது. சுருங்கிக் கிடந்தால் கெட்டது. கொழுத்திருந்தும் குறுக்கே மயிரிழைபோல ஒரு கருங்கோடு ஓடினால் அது மகா கெட்டது. கிளம்பிப் போகிறவர்களில் யாரோ ஒருவருடைய கால் சொந்தமாக நடந்து வீடு திரும்பாது என்று அர்த்தம். கெட்டது வந்தால் இன்னொரு பன்றி. அதுவும் கெட்டது என்றால் இன்னொன்று. நல்லது வரும்வரை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றிய முன்னோர்கள் தூரதிருஷ்டி உள்ளவர்கள், பன்றி இறைச்சியிலும் பிரியம் உள்ளவர்கள்.

கிவாஸ் முப்பது வருடம் இந்தப் பணியைச் செய்தார். ஒரே ஒரு பன்றி வைத்திருக்கும் ஏழை வீட்டில் அவர் கெட்ட பித்தம் கண்டதே கிடையாது. அங்கே எல்லாப் பித்தமும் கண்ணாடி மாதிரி மின்னும். பெரிய வீடுகளில்தான் சிக்கல். வயலும் எருமையும் நிறைய உள்ள வீடு என்றால் முதல் பன்றியில் தவறாமல் கருங்கோடு தெரியும். கிவாஸ் முகத்தைச் சுளித்து, விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து, "தெரியுதா?" என்று கேட்பார். ஊர்ப் பெரியவர்கள் குனிந்து, ஒன்றும் தெரியாமல், "தெரியுது, தெரியுது" என்பார்கள். இரண்டாவது பன்றி வரும். அன்றைக்கு ஊரில் பசியோடு படுக்கிற குழந்தை இருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஒரு நிர்வாகத்தை ஜப்பானியர்கள் வந்து கெடுத்தார்கள். முதல் வருடம் பன்றிகளைத் தின்றார்கள். அடுத்த வருடம் கோழி, எருமை. மூன்றாவது வருடம் விதைநெல்லையும் தின்றார்கள். ஊர் காட்டுக்குள் ஓடி, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்று, பிறகு அதன் கொடியைத் தின்று உயிர் வைத்திருந்தது. அந்தக் காட்டில்தான் கிவாஸின் மனைவி காய்ச்சலில் போனாள். மிஞ்சியது ஒரே மகன் தம்பக், இருபத்திரண்டு வயது, பாறைபோல உடம்பு, பயம் என்ற உறுப்பே இல்லாமல் பிறந்தவன். அவனுடைய பங்கையும் சேர்த்து கிவாஸே பயந்துகொண்டிருந்தார்.

நாற்பத்தைந்தாம் வருடம் ஜூலையில் சண்டை மலியாங்குக்கு வந்து சேர்ந்தது. உலகமெங்கும் முடிந்துகொண்டிருந்த யுத்தம், முடிவதற்கு முன் எங்கள் மலையையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததுபோல. ஊருக்கு நேர் மேலே நாய்முதுகு மலை. அதன் உச்சியில் ஜப்பானியர்கள் பங்கர் வெட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழே லெப்டினன்ட் ஹார்லன் என்ற அமெரிக்கரும், அவருக்குக் கீழ் எங்கள் மலைப் பையன்கள் நூறு பேரும். இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் பாதி வழியில் குண்டு தீர்ந்து இறங்கிவிட்டார்கள். பதினோரு பேர் செத்துப்போனார்கள். குண்டும் சோறும் முதுகில் சுமந்து கூடவே ஏற நாற்பது பேர் இருந்தால்தான் மூன்றாவது தடவை என்று முடிவாயிற்று.

நாற்பது பேரும் வந்தார்கள். ஆண்களும் பெண்களும், நெற்றிப் பட்டையில் கூடை மாட்டிக்கொண்டு, வரிசையின் முதல் ஆளாகத் தம்பக். வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏன் உக்காந்துட்டாங்க?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொல்வது சார்ஜென்ட் பயாங்கின் வேலை. போருக்கு முன் அவர் பள்ளிக்கூட வாத்தியார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடி போய்விட்டிருந்ததால் எதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தே பேசுவார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"பித்தம் பாக்காம ஒரு அடி வைக்க மாட்டாங்களாம் சார். மொதல் ரெண்டு தடவ பாக்காமப் போனதுதான் தப்பாம்."

லெப்டினன்ட் நல்ல மனிதர். எங்கோ சோளம் விளைகிற சமவெளியில் பன்றி வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளை. மீசை முளைக்கும் முன்பே நூறு பன்றிகளுக்குப் பேர் வைத்தவர். பன்றி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே வயர்லஸ்ஸில் மேலிடத்துக்குத் தகவல் போனது: பன்றி, மூன்று, மிக அவசரம், தாக்குதலுக்குத் தேவை.

மேலிடம் இப்படிப்பட்ட விண்ணப்பத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் போர்க்களத்திலிருந்து வந்த கோரிக்கை. நாலாம் நாள் விமானம் வந்தது. வெள்ளை பாராசூட்டில் பன்னிரண்டு மரப்பெட்டிகள் இறங்கின. ஊரே ஓடிப்போய்ப் பெட்டியை உடைத்தால் உள்ளே தகர டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் சிரித்த முகத்தோடு ஒரு பன்றியின் படம்.

கிவாஸ் வந்தார். சேவகத்துக்கு அழைக்கப்பட்டவரின் முறைமையோடு, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், பன்னி எங்க?"

"இதுக்குள்ளதான் மாமா."

டப்பாவைத் திறந்தார்கள். ரோஸ் நிறத்தில், செங்கல் மாதிரி, நான்கு பக்கமும் சமமாக ஒரு வஸ்து வழுக்கிக்கொண்டு வந்து வாழையிலையில் விழுந்தது. கிவாஸ் அதைப் புரட்டினார். விரலால் குத்தினார். மறுபடி புரட்டினார்.

"ஈரல் எங்க?"

"இல்ல மாமா."

"பித்தம்?"

"அத அங்கேயே எடுத்திருப்பாங்க."

"எடுத்தவன் பாத்திருப்பான்ல? என்ன சொன்னானாம்? கேளு."

மாஸ்டர் கேட்டார். லெப்டினன்ட் தலையைச் சொறிந்துகொண்டு நிறைய நேரம் யோசித்தார். தன் அப்பா வருடத்துக்கு நூறு பன்றி அறுத்திருக்கிறார், ஒரு தடவைகூட... மாஸ்டர் சுருக்கிச் சொன்னார்: "யாரும் பாக்கலையாம் மாமா. தூக்கிப் போட்டுருவாங்களாம்."

கிவாஸ் லெப்டினன்டை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "பாவம்டா. ஒண்ணுத்தையும் பாக்காமலேயா இவ்ளோ பெரிய கடலத் தாண்டி வந்திருக்கு இந்தப் பிள்ள?"

"அப்ப இதுல எதுவும் தெரியாதா மாமா?"

"இதுல என்னடா தெரியும்? இது நடக்கல, மேயல, ஒருத்தன் மேலயும் முட்டல. இதுக்கு மூஞ்சியே இல்ல. நாளைக்கு என்ன நடக்கும்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

சுமைகாரர்கள் டப்பாக்களை எல்லாம் அன்றே தின்று தீர்த்தார்கள். உப்பு சரியாக இருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மலையேறுவதைப் பற்றி எந்தத் தீர்மானமும் இல்லை.

கிவாஸுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பன்றி இல்லை, பித்தம் இல்லை. பித்தம் இல்லை, ஏற்றம் இல்லை. ஏற்றம் இல்லையென்றால் வரிசையின் முதல் ஆள் கீழேயே உட்கார்ந்து கிழங்கு சுடுவான். பசிபிக் சமுத்திரம் முழுக்கத் தேடினாலும் அந்தத் தகர டப்பாக்களைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை டொம்மாய் வந்தாள், கையில் கயிறு, கயிற்றின் நுனியில் பன்றி.

டொம்மாய் விதவை. அவள் புருஷன் நாற்பத்திரண்டிலேயே தெற்கே சண்டைக்குப் போய் அங்கேயே மண்ணாகிவிட்டான். உடம்பு வரவில்லை. ஆனாலும் அவன் பேருக்கு ஒரு பன்றி அறுத்தால்தான் முன்னோர்கள் அவனைப் பந்தியில் சேர்ப்பார்கள். அதற்கென்று வளர்த்த ஒரு குட்டியை, ஜப்பானியர்கள் வந்தபோது, சவப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் குகைக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். செத்தவர்கள் நடுவே ஜப்பானியன் தேடமாட்டான் என்பது அவள் கணக்கு. அது சரியாகவே இருந்தது. மூன்று வருடம், தினமும் கூடையில் கிழங்குக்கொடி. மூன்று வருடமும் அந்தப் பன்றி ஒரு தடவை கத்தவில்லை. எட்டுத் தலைமுறை முன்னோர்களோடு குடியிருந்ததில் அதற்கு ஒரு கௌரவம் வந்திருந்தது; யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்து வந்தது. ஊருக்கே இந்தப் பன்றியைத் தெரியும், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை; செத்தவனுக்கு உள்ளது என்று கிவாஸும் அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

கிவாஸ் கயிற்றையும் பன்றியையும் மாறி மாறிப் பார்த்தார். "டொம்மாய், இது உன் புருஷனுக்கு உள்ளது. இத வெட்டலாமா?"

"அவரு என்ன, மலேரியாவுலயா செத்தாரு? மேல இருக்கானுங்களே, அவனுங்களாலதான செத்தாரு. அவனுங்களத் தொரத்துறதுக்கு வெட்டுனா அது அவருக்கு வெட்டுன மாதிரிதான். ராத்திரி கனவுல வந்தாரு, கேட்டுட்டேன், சரின்னுட்டாரு." பிறகு கிவாஸின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு, கிவாஸண்ணே. இந்த ஒரு தடவ, உள்ளத உள்ளபடி சொல்லணும். உன் பொண்டாட்டி மேல ஆணை."

"நான் எப்ப உள்ளபடி சொல்லாம இருந்தேன்?"

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். டொம்மாய் சிரிக்கவில்லை. "ஆணைன்னு சொல்லு."

"ஆணை," என்றார் கிவாஸ்.

சேகண்டி அடித்தார்கள். முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்; அமெரிக்க ராணுவம் ஒரு பன்றியின் முன் அவ்வளவு பணிவாக நின்றது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். கிவாஸ் ஈரலைப் புரட்டினார்.

பித்தம் கொழுத்திருந்தது. பளபளத்தது. அதன் குறுக்கே மயிரிழைபோல ஒரு கருங்கோடு ஓடியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தார். கோடு இருந்தது. முப்பது வருடத்தில் நூற்றுக்கணக்கான பன்றிகளில் அவர் காட்டிய கோடு, அவர் வாழ்நாளில் முதல்தடவையாக, உண்மையாகவே அங்கே இருந்தது.

"கெட்டது," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "மகா கெட்டது. கோடு இருக்கு. இங்க பாருங்க, இங்க... தெரியுதா?"

ஊர்ப் பெரியவர்கள் குனிந்தார்கள். பழக்கப்படி ஒன்றையும் பார்க்காமல், "தெரியுது, தெரியுது" என்றார்கள். நிமிர்ந்தபோது எல்லார் முகத்திலும் ஒரு பெரிய ஆறுதல்.

"அப்பாடா!" என்றார் ஒருவர். "கிவாஸ் கெட்டதுன்னுட்டாரு. கெளம்புங்கடா!"

சிரிப்பு வெடித்தது. மூன்று வருடத்துப் பட்டினிக்குப் பிறகு மலியாங் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். கிவாஸ் விழித்தார்.

"என்னய்யா சிரிப்பு? நெஜமாவே கெட்டதுய்யா!"

"ஆமா ஆமா, நெஜமாவேதான். எங்க தாத்தா வீட்டுலயும் நெஜமாவேதான் சொன்னீங்க. ரெண்டு பன்னி தின்னுட்டு வீடு கட்டுனோம், இன்னைக்கும் ஒரு கம்பு ஆடல."

"ஏழை வீட்டுல நான் எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"ஏழை வீடா?" என்று தம்பக் லெப்டினன்ட் பக்கம் கையைக் காட்டினான். "அப்பா, இன்னைக்கு வீட்டுக்காரர் யாரு? அமெரிக்கா! அதவிடப் பெரிய வீடு எங்கப்பா இருக்கு? ஒரு பன்னியோட விட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

அப்போதுதான் கிவாஸுக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியும் என்று. எத்தனை வருடமாக? எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லா முகத்திலும் அன்பு வழிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் இல்லாத கோட்டைக் காட்டி நம்ப வைத்தவருக்கு, இருக்கிற கோட்டைக் காட்டி ஒருத்தரையும் நம்ப வைக்க முடியவில்லை.

"என்ன சொல்றார்?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

மாஸ்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். ஒரு மொழிபெயர்ப்பாளனின் கடமை சொல்லை மாற்றுவதா, அர்த்தத்தை மாற்றுவதா என்பது அவருக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உள்ள சந்தேகம். "ரொம்ப நல்லதுன்னு சொல்றார் சார்," என்றார்.

டொம்மாய் ஒருத்திதான் சிரிக்கவில்லை. கிவாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அவர் ஆணையை மீறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது நாய்முதுகு மலையை. போய்த் தன் கூடையை எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் வரிசை கிளம்பியது. கிவாஸ் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வேணாம்டா. வயித்து வலின்னு சொல்லு."

"எனக்கு எப்பப்பா வயித்து வலி வந்திருக்கு? நேத்து உங்களாலதான் வயிறு நெறைய தின்னேன்."

"ஒரு கால் திரும்பாதுடா. நான் பாத்தேன்."

தம்பக் அவரைச் சற்று நேரம் பார்த்தான். ஒரு நொடி நம்பிவிட்டதுபோலவும் இருந்தது. பிறகு முதுகைத் தட்டினான். "நான் போகலன்னா கூடைய யாரு தூக்குவா? நீங்களா?"

அடுத்த நிமிடம் கிவாஸ் ஒரு அரிசிக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதில், கோவணத்தோடு, நேச நாடுகளின் படையில் அவர் சேர்ந்தது இப்படித்தான். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

செங்குத்தான ஒற்றையடிப் பாதை. முதல் மணி நேரம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் யார் முன்னால் போவது என்பதுதான்.

"தள்ளுடா. பெத்தவன் முன்னால போகணும்."

"அப்பா, பின்னால வரவங்க எல்லாம் நிக்கிறாங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"என் மூச்சு, நான் வாங்குவேன். தள்ளுன்னேன்!"

"இவரு ஒருத்தரு. ஜப்பான்காரனுக்குக் கேக்கப்போவுது."

கேட்டுவிட்டது. மேலே பங்கரிலிருந்து துப்பாக்கிகள் சடசடத்தன. எல்லாரும் குப்புற விழுந்தார்கள், கிவாஸைத் தவிர. அவர் தம்பக்கைக் கீழே தள்ளி அவன்மேல் கவிழும் அவசரத்தில் இருந்தார். கவிழ்ந்தபோது உடம்பின் பெருத்த பின்பாகம் மேலே நின்றுவிட்டது. குண்டு அங்கேதான் புகுந்தது.

அவர் போட்ட கூச்சல் மலைக்கு மலை எதிரொலித்தது. அதில் வலி பாதி. மீதி வேறு.

"பாத்தீங்களாடா! பாத்தீங்களா! சொன்னேனா இல்லையா! கோடு இருக்குன்னேன்! எவன்டா சிரிச்சான்? வாங்கடா இங்க! வந்து சிரிங்கடா!"

இந்தத் தடவை குண்டு தீரவில்லை. நாற்பது கூடைகள் இருந்தன. மதியத்துக்குள் உச்சி வந்துவிட்டது. மேலே அதிகம் பேர் இல்லை. பாதிப்பேர் இருளோடு பின்வாசல் வழியாக இறங்கிவிட்டிருந்தார்கள். மற்றவர்களில் சிலர் பல நாட்களுக்கு முன்பே பட்டினியில் செத்துப்போயிருந்தார்கள். பங்கர் வாசலில் ஒரு பையன், தம்பக்கின் வயதுகூட இருக்காது, கையில் கிழங்குக்கொடியைப் பிடித்தபடி கிடந்தான். மலியாங் தின்ற அதே கொடி. டொம்மாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று வருடம் எதை மனதில் வைத்துக்கொண்டு குகைக்கு நடந்தாளோ, அது அங்கே சரியாக அகப்படவில்லை.

"இவனுக்கு எந்த ஊர்ல பன்னி வெட்டுவாங்க?" என்று கேட்டாள்.

அவள் பாராசூட் துணியில் தைத்திருந்த மேல்துண்டை எடுத்து அவன் முகத்தை மூடினாள்.

அன்றைய ஏற்றத்தில் மலியாங் தரப்பில் காயம்பட்டவர் ஒரே ஒருவர். சொந்தக் காலில் நடந்து வீடு திரும்பாதவரும் அவர்தான். தம்பக் அவரைக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினான், உட்கார முடியாது என்பதால் குப்புற. தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தொங்க, எதிரே வந்தவர்களிடமெல்லாம் கிவாஸ் தலைகீழாகவே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். "கோடு. இவ்ளோ நீளம். நான்தான் பாத்தேன்."

பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெஞ்சில் கிவாஸ் குப்புறக் கிடந்தார். மூன்றாம் நாள் லெப்டினன்டும் மாஸ்டரும் வந்தார்கள். பின்னால் சுமைகாரர்கள் நாற்பது பேரும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

"மாமா," என்றார் மாஸ்டர். "அடுத்தது பானைத்தலை மலை. தொரைக்கு மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. இவங்க, நீங்க சொல்லாம எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. போலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லிருங்க."

கிவாஸ் தலையைத் திருப்பினார். நாற்பது முகங்கள். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. வாழ்நாளில் முதல்தடவையாக அவரை நம்பினார்கள். வாசலோரம் தம்பக் நின்றிருந்தான், அவனும்தான்.

ஒரு சொல் போதும். கெட்டது என்று சொன்னால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு பன்றியும் வேண்டாம், ஒரு கோடும் வேண்டாம். அவன் கீழேயே இருப்பான். சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"பன்னி எங்க?" என்றார்.

"மாமா?"

"பன்னி இல்லாம என்னத்தடா சொல்றது? உசுரோட ஒண்ணு கொண்டாங்க. பாத்துட்டுச் சொல்றேன். நல்லதுன்னா நல்லதும்பேன், கெட்டதுன்னா கெட்டதும்பேன். பாக்காம வாயத் தொறக்க மாட்டேன்."

"சும்மா ஒரு பேச்சுக்காவது..."

"முப்பது வருஷம் பேச்சுக்குச் சொன்னவன்டா நான். போதும். போங்க."

தம்பக் வாயைப் பிளந்தான். "அப்பா, உங்களுக்குக் குண்டு எங்க பட்டதுன்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

பன்றிக்குப் பேர் வைத்து வளர்ந்தவர் என்பதால் லெப்டினன்ட் இதைப் புரிந்துகொண்டார். இந்தத் தடவை மேலிடத்தை நம்பவில்லை. தன் ஆட்கள் நாலு பேரைச் சமவெளிக்கே அனுப்பினார். அவர்கள் ஒரு பன்றியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது எங்கள் கறுப்புப் பன்றி அல்ல. சமவெளிப் பன்றி, வெள்ளை, பெரிசு, கம்பில் கட்டிக் குறுகிய பாதையில் தூக்க முடியாத கனம். அதுவாக நடந்துதான் வர வேண்டும். அது மலை பார்த்ததில்லை. அவசரமும் பார்த்ததில்லை.

வடக்கு மலைகளின் கடைசி யுத்தம் இப்படியாக ஒரு பன்றியின் நடை வேகத்தில் நகர ஆரம்பித்தது. மேலிடம் தினமும் வயர்லஸ்ஸில் கேட்டது: பானைத்தலை மலைத் தாக்குதல் எந்த நிலையில் உள்ளது? லெப்டினன்ட் உள்ளதை உள்ளபடி பதில் அனுப்பினார். முதல் நாள்: ஆற்றங்கரையை அடைந்துள்ளது. இரண்டாம் நாள்: ஆற்றைக் கடக்க மறுக்கிறது. மூன்றாம் நாள்: கடந்துவிட்டது, ஓய்வெடுக்கிறது. நாலாம் நாள்: முன்னேற்றம் இல்லை, சேறு கிடைத்துவிட்டது. மேலிடத்தில் இதை எதிரியின் ரகசியச் சொல் என்று நினைத்தார்களா, நம்முடையது என்று நினைத்தார்களா தெரியவில்லை. பொறுமையாக இருக்கும்படி உத்தரவு வந்தது.

தம்பக் தினமும் பாதையின் வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான். ஒவ்வொரு தடவையும், "வரலப்பா," என்று கேட்டதும் கிவாஸ் பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விடுவார். பொய் சொல்லவில்லை. பன்றியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்றி தானாகவே மெதுவாக வந்தால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

ஆறாம் நாள் விமானம் ஒன்று தாழப் பறந்து காகிதங்களைக் கொட்டியது. மாஸ்டர் ஒன்றை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"முடிஞ்சிருச்சாம்," என்றார். "ஜப்பான் கைய தூக்கிருச்சாம். சண்ட இல்லையாம்."

ஊர் கத்தவில்லை. எல்லாரும் பானைத்தலை மலையைப் பார்த்தார்கள். அங்கேயும் காகிதம் விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த உச்சியில் ஒரு வெள்ளைத் துணி ஆடியது.

பன்றி மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது. வந்ததும் பள்ளிக்கூட முற்றத்தில் படுத்துவிட்டது. லெப்டினன்ட் அதன் அருகே குந்தி, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, ஏதோ பேசினார். பன்றிக்குப் புரிந்ததுபோல் இருந்தது. என்ன பேசினார் என்று மாஸ்டர் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கிவாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"அறுத்துரலாமா மாமா?" என்று ஒரு சுமைகாரன் கத்தியோடு வந்தான். "போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாத்துரலாம்."

"வேணாம்டா. போகாத வழியப் பத்தி எதுக்குக் கேக்கணும்? பதில் வேற சொல்லித் தொலைக்கும்." கயிற்றை எடுத்து டொம்மாயிடம் நீட்டினார். "உன் வீட்டுக்காரருக்கு. ஒரு பன்னிய ரெண்டு காரியத்துக்கு வெட்டுனது எனக்கு அப்பவே சரியாப் படல."

டொம்மாய் பன்றியைச் சுற்றி வந்து பார்த்தாள். "நடந்து நடந்து எளைச்சிருக்கு. மூணு வருஷம் காத்திருந்தாரு, அறுவடை வரைக்கும் காத்திருக்கட்டும். கொழுக்க வச்சு வெட்டுவோம்." கயிற்றை வாங்கிக்கொண்டாள். போகும்போது திரும்பி, "அப்பவும் நீதான் பாக்கணும், அண்ணே," என்றாள்.

தம்பக் பன்றி போகும் திசையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாடா," என்றார் கிவாஸ். "இப்படி வந்து உக்காரு."

"நீங்கதான் உக்கார முடியாதே. நான் மட்டும் உக்காந்து என்ன பண்றது?"

"உக்காருன்னா உக்காரேன்டா."

அவன் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சுட்ட கிழங்கை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தான். கிவாஸ் சுவரில் சாய்ந்து நின்றபடி, மகன் தின்று முடிக்கும்வரை, அவனுடைய இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.